விரைவும் பணி நிறைவும்

மார்ச் மாதத்தின் இறுதி வாரத்தில் மத்திய அரசின் எந்த அலுவலகத்திற்குள் நுழைந்தாலும் ஏறத்தாழ ஒரே காட்சியைத்தான் காணலாம். நிதியாண்டு முடிவதற்குள் ஒப்புதல் ஆணைகள் பிறப்பிக்கப்பட வேண்டும். பில்கள் கணக்கு அலுவலகத்தைச் சென்றடைய வேண்டும். செலவிட இயலாத தொகைகளை உரிய காலத்தில் திருப்பி ஒப்படைத்தாக வேண்டும். இரவு எட்டு மணிக்கும் அறைகளில் விளக்குகள் எரிகின்றன. இந்நாட்களில் ஊழியர்களைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் இரு வகையினர் நம் கண்ணில் படுவர். ஒருவர் தம் முன்னுள்ள கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, படித்து, குறிப்பெழுதி, அனுப்பிக்கொண்டிருப்பார். இன்னொருவர் ஒரு கோப்பைப் படிக்கும்போதே அடுத்த கோப்பைக் கையில் எடுப்பார். தொலைபேசியில் பேசியவாறே கையெழுத்திடுவார். எதிரில் நிற்பவர் ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் அதைத் தாமே முடித்து வைப்பார். நாள் முடிவில் இருவரும் அனுப்பிய கோப்புகளை எண்ணிப் பார்த்தால் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. ஆனால் முதலாமவர் களைப்புடனும் ஒருவித நிறைவுடனும் வீடு செல்கிறார்; இரண்டாமவர் தலைவலியுடனும் யார் மீதோ கொண்ட கோபத்துடனும் செல்கிறார்.

இவ்வேறுபாடு மனிதரின் குணத்திலிருந்து எழுவதா, அவர் செய்யும் வேலையின் அமைப்பிலிருந்து எழுவதா என்ற கேள்வியை மருத்துவர்களும் உளவியலாரும் எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்ட விடை பலமுறை மாறியுள்ளது. ஊழியர்களிடம் வேலை வாங்கும் பொறுப்பில் உள்ளவர்களும், நிர்வாகவியலைப் பாடமாகப் பயிலும் மாணவர்களும் இம்மாற்றங்களை அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் முதலில் கூறப்பட்ட, இன்று பெரும்பாலும் கைவிடப்பட்ட விடையே இன்னும் பலர் மனத்தில் நிலைத்து நிற்கிறது.

தேய்ந்த நாற்காலிகள்

1950களில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரு இருதய நோய் மருத்துவர்கள் பணியாற்றி வந்தனர். அவர்களுடைய மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறையின் நாற்காலிகளைச் செப்பனிட வந்த தொழிலாளி, இருக்கைகளின் முன் விளிம்பு மட்டுமே தேய்ந்திருப்பதைக் கண்டு வியந்ததாக ஃப்ரீட்மன் பின்னாளில் எழுதினார். சாய்ந்து அமரப் பொறுமையற்று, அழைத்தவுடன் எழுந்து ஓடத் தயாராக நுனியில் அமர்ந்திருந்த நோயாளிகள் அவர்கள். தொழிலாளி கூறியதன் பொருள் மருத்துவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

இருவரும் வரிக் கணக்காளர்கள் சிலரைத் தேர்ந்து, அவர்களது இரத்தத்தைப் பல மாதங்கள் தொடர்ந்து சோதித்தனர். அமெரிக்காவில் வருமானவரிக் கணக்கு அளிக்க ஏப்ரல் 15 இறுதி நாள். அந்நாள் நெருங்க நெருங்கக் கணக்காளர்களின் இரத்தத்தில் கொலஸ்டிரால் அளவு உயர்ந்தது. இரத்தம் உறையும் வேகமும் கூடியது. கெடு கடந்தபின் இரண்டும் தணிந்தன. அவர்களது உணவிலோ உடற்பயிற்சியிலோ இதற்கு ஈடான மாற்றம் எதுவும் காணப்படவில்லை. இம்முடிவுகள் 1958ஆம் ஆண்டு வெளியாயின. நமது மார்ச் மாதத்தை அறிந்தவர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்காது.

அடுத்த ஆண்டில் அவர்கள் 'ஏ வகை நடத்தை' என்ற கருத்தை வெளியிட்டனர். குறைந்த நேரத்தில் மேன்மேலும் சாதிக்க முனைதல், ஓயாத போட்டி மனப்பான்மை, எப்போதும் காலம் போதவில்லை என்ற உணர்வு, எளிதில் மூளும் எரிச்சல் ஆகியவை இதன் கூறுகள். இவை இல்லாதோர் 'பி வகை'. பி வகையினர் சோம்பேறிகள் அல்லர். அவர்களும் உயர் பதவிகளை எட்டுகின்றனர் என்பதை அம்மருத்துவர்களே வலியுறுத்தினர். நம்மில் பலர் இக்குறிப்பை மறந்துவிட்டு, ஏ வகை என்றால் திறமை, பி வகை என்றால் மந்தம் என்று பொருள் கொண்டுவிட்டோம்.

1960ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், 39 முதல் 59 வயது வரையுள்ள, நோயற்ற 3,154 ஆண் ஊழியர்கள் எட்டரை ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். அவர்களுள் 257 பேருக்கு இருதய நோய் கண்டது. ஏ வகையினருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று 1975இல் அறிவிக்கப்பட்டது. 1981இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று இந்நடத்தையை இருதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

எழுந்த ஐயங்கள்

இந்த ஏற்பு நெடுநாள் நீடிக்கவில்லை. இருதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்த ஆண்களைக் கொண்டு நடத்தப்பட்ட மற்றொரு பெரிய ஆய்வு, ஏ வகை நடத்தைக்கும் நோய்க்கும் தொடர்பு எதையும் காணவில்லை என 1985இல் தெரிவித்தது. 1988இல் வெளியான ஒரு கட்டுரை மேலும் வியப்பூட்டியது. முன் சொன்ன கலிபோர்னிய ஆய்வில் நோயுற்று முதல் தாக்குதலில் உயிர் பிழைத்தவர்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்ததில், ஏ வகையினரின் இறப்பு விகிதம் பி வகையினரைவிடக் குறைவாக இருந்தது.

இந்த வரலாற்றில் பொருளாதாரம் பயின்றவர் கவனிக்க வேண்டிய மற்றொரு பகுதியும் உண்டு. வழக்குகளின் விளைவாகப் பின்னாளில் வெளிவந்த புகையிலைத் தொழிலின் உள் ஆவணங்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அத்தொழில் ஏ வகை ஆராய்ச்சிக்குப் பல ஆண்டுகள் பொருளுதவி செய்து வந்ததை 2012இல் எடுத்துக்காட்டினர். இருதய நோய்க்கு மனிதனின் குணமே காரணம் என்றால் சிகரெட்டின் மீதுள்ள பழி குறையும் அல்லவா? ஆராய்ச்சியாளர்கள் பொய்யான முடிவுகளைக் கூறினர் என்பது இதன் பொருள் அன்று. எந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பணம் கிடைக்கிறது என்பதும் அறிவு வளரும் திசையைத் தீர்மானிக்கிறது.

இரு வேறு குணங்கள்

ஐயங்களிலிருந்தே தெளிவும் பிறந்தது. ஏ வகை என்ற ஒரே பெயரின்கீழ் ஒன்றோடொன்று தொடர்பில்லாத குணங்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கலாமோ என்ற கேள்வி எழுந்தது. 1987இல் அமெரிக்க உளவியலார் மூவர் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் இக்குணங்களை இரண்டாகப் பிரித்தனர். ஒன்று சாதனை முயற்சி: வேலையை மதித்தல், கடுமையாக உழைத்தல், மேற்கொண்டதை முடித்தல். மற்றொன்று பொறுமையின்மையும் எரிச்சலும். சாதனை முயற்சி மிக்க மாணவர்கள் நல்ல மதிப்பெண்கள் பெற்றனர். உடல் உபாதைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொறுமையற்றவர்களிடம் தூக்கமின்மை, தலைவலி போன்ற உபாதைகள் மிகுந்திருந்தன. மதிப்பெண்களுக்கோ அக்குணத்தால் எப்பயனும் இல்லை.

இந்த முடிவை வாசகர்கள் ஒருமுறை நின்று சிந்திக்க வேண்டும். பதற்றமே திறமையின் விலை என்று நாம் நம்பி வந்தோம். கடுகடுப்பான அதிகாரியைப் பற்றிப் பேசும்போது, 'சற்றுக் கோபக்காரர், ஆனால் வேலை நடக்கும்' என்று சமாதானம் கூறுவது வழக்கம். வேலை நடப்பதற்கு அவரது உழைப்பு காரணம். கோபம் அந்த உழைப்புடன் ஒட்டிக்கொண்டு வந்து, அதன் புகழில் பங்கு பெறுகிறது.

பணியில் மனநிறைவு பற்றிய ஆய்வும் இதே பாதையில் சென்றது. ஆயுள் காப்பீட்டு விற்பனையாளர்களைக் கொண்டு செய்யப்பட்டு 1990இல் வெளியான ஓர் ஆய்வில், சாதனை முயற்சி மிகுந்தவர்கள் அதிக பாலிசிகளை விற்றனர். தம் தொழிலில் நிறைவும் கொண்டிருந்தனர். பொறுமையின்மையும் எரிச்சலும் மிகுந்தவர்களிடம் அதிருப்தியும் மனச்சோர்வும் காணப்பட்டன. போட்டியும் இலக்கும் நிறைந்த தொழிலிலேயே இவ்விரு குணங்களும் இவ்வாறு பிரிந்து நிற்பது குறிப்பிடத்தக்கது.

நோயைப் பொறுத்தவரை, எரிச்சலினும் ஆழமான ஒன்றாகிய பகைமை உணர்வின்மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது. மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் மனப்பாங்குச் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட 255 மருத்துவர்களை 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பிறர்மீது அவநம்பிக்கையும் பகைமையும் மிகுந்திருந்தவர்களிடையே இருதய நோயும் மரணமும் அதிகமாக இருந்தன என்று 1983இல் அறிவிக்கப்பட்டது.

வேலையின் அமைப்பு

இதுவரை கண்டது மனிதனின் குணம். குணத்தை மட்டும் குறை கூறி முடிப்பது நிர்வாகத்திற்கு வசதியானதுதான். 'அவர் எதற்கும் பதறுபவர்' என்று சொல்லிவிட்டால் அலுவலகம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

மன இறுக்கமும் இருதய நோயும் ஓய்வற்ற உயர் அதிகாரிகளுக்கே உரியவை என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. லண்டன் நகரில் பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய ஆய்வு இக்கருத்தைத் தலைகீழாக்கியது. ஏறத்தாழ 18,000 ஆண்கள் சோதிக்கப்பட்டனர். நிர்வாகத்தின் உச்சியில் இருந்தவர்களைவிட, கடைநிலையில் இருந்த தூதாளர் முதலிய ஊழியர்கள் இருதய நோயால் இறந்த விகிதம் 3.6 மடங்கு என மைக்கேல் மார்மட்டும் அவரது சகாக்களும் 1978இல் அறிவித்தனர். புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. அனைவரும் நிலையான வேலையும் ஒழுங்கான ஊதியமும் உடைய அரசு ஊழியர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு ராபர்ட் கரசெக் என்ற அமெரிக்க அறிஞர் இதற்குப் பொருத்தமான விளக்கம் ஒன்றை வகுத்தார். வேலையின் சுமை மட்டும் மனிதனை வாட்டுவதில்லை. சுமை அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்பதில் தன் விருப்பத்திற்கு இடம் குறைவாகவும் உள்ள நிலையே அதிகம் வாட்டுகிறது என்பது அவரது கருத்து. சுமையும் சுதந்திரமும் ஒருசேர மிகுந்திருப்பின் அவ்வேலை மனிதனை வளர்க்கவும் கூடும். ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து 10,308 அரசு ஊழியர்களைக் கொண்டு 1985இல் தொடங்கிய இரண்டாவது லண்டன் ஆய்வு, தம் வேலையின்மீது கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இருதய நோய் அதிகம் வருவதை 1997இல் காட்டியது.

முதற்கால ஆய்வுகள் பெரும்பாலும் நடுவயது ஆண்களைப் பற்றியவை. பெண் ஊழியர்களைப் பற்றி அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்விலிருந்து 1980இல் கிடைத்த முடிவு நமது அலுவலகங்களுக்கு நன்கு பொருந்தும். எழுத்தர் வேலையில் உள்ள, குழந்தைகளையுடைய பெண்களிடம் இருதய நோய் மிகுந்திருந்தது. அவ்வேலையில் இருந்த பெண்களிடையே நோயுடன் தொடர்புடையனவாகக் கண்டறியப்பட்டவற்றுள் வெளிக்காட்டாமல் அடக்கிய கோபமும் ஆதரவு காட்டாத மேலதிகாரியும் இடம்பெற்றன. காலை சமையலையும் குழந்தைகளின் பள்ளியையும் முடித்துப் பேருந்தில் நின்று வந்து, பத்து நிமிடத் தாமதத்திற்கு விளக்கம் எழுதும் பெண்மணிக்கு இதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவருடைய அவசரத்தை அவரது குணம் என்று எந்த வகையில் கூற முடியும்?

ரயில்வேயின் முன்னுதாரணம்

வேலையின் தன்மையே மனிதனை இறுக்கக்கூடும் என்ற உண்மையை நமது நாட்டின் சட்டம் ஒரு துறையிலேனும் ஏற்றுக்கொண்டுள்ளது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், வேலை நேரத்தை வகுக்கும்போது ஊழியர்களின் பணியை அதன் கடுமையைக் கொண்டு பாகுபடுத்துகிறது. இடைவிடாத கவனத்தையோ கடும் உடலுழைப்பையோ வேண்டி, இளைப்பாற இடமளிக்காத பணி 'தீவிரப் பணி' எனப்படும். அதற்கு வாரத்திற்குச் சராசரியாக 45 மணி நேரமே உச்ச வரம்பு. தொடர் பணிக்கு 54 மணி; இடையிடையே நீண்ட ஓய்வு கிடைக்கும் பணிக்கு 75 மணி.

ரயில் போக்குவரத்தை நடத்தும் பிரிவுக் கட்டுப்பாட்டாளரின் வேலையை எண்ணிப் பார்க்கலாம். எந்த வண்டியை எந்த நிலையத்தில் நிறுத்தி எதற்கு வழிவிடுவது என்பதை அவர் நொடிக்கு நொடி முடிவு செய்கிறார். அவருக்கு விரைவு வேண்டும், பொறுமையின்மை கூடாது. நிலைய அதிகாரி கூறும் செய்தியை முழுவதும் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. விரைவும் பதற்றமும் வெவ்வேறு என்பதற்கு அந்த மேசையைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

நமது செயலகங்களில் இத்தகைய பாகுபாடு இல்லை. ஒரு பிரிவில் பாராளுமன்றக் கேள்விகளும் நீதிமன்ற வழக்குகளும் நாள்தோறும் குவிகின்றன. அடுத்த அறையில் மாதம் ஒருமுறை அறிக்கை தயாராகிறது. இருவருக்கும் ஒரே நேரம், ஒரே அளவுகோல். ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டுப் படிவங்களில் காலக்கெடுவைக் கடைப்பிடிக்கும் திறனும் பிறருடன் பழகும் பண்பும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. முன்னதற்கு மதிப்பெண் இடுவது எளிது. பின்னதைப் பற்றி, சண்டை ஏதும் வெளியே தெரியாதவரை, எல்லோருக்கும் ஒரே மதிப்பெண்ணை இட்டுச் செல்கிறோம்.

நாமே உண்டாக்கும் அவசரம்

அலுவலக அவசரங்களுள் எத்தனை தவிர்க்க இயலாதவை? வெள்ளம், விபத்து, பாராளுமன்றக் கெடு ஆகியவை நம் கையில் இல்லை. ஆயின் மார்ச் மாத நெருக்கடி இவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆண்டின் இறுதி மாதங்களில் செலவுகளைக் குவிப்பது நிதி ஒழுக்கத்திற்கு முரணானது என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் தெளிவாகவே கூறுகின்றன. கடைசிக் காலாண்டின் செலவு 33 விழுக்காட்டையும், மார்ச் மாதச் செலவு 15 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது என நிதி அமைச்சகம் பல ஆண்டுகளில் வரம்பு விதித்துள்ளது. முன்பு பிப்ரவரி இறுதி நாளில் அளிக்கப்பட்டு வந்த வரவுசெலவுத் திட்டம், 2017 முதல் பிப்ரவரி 1ஆம் தேதிக்கு முன்கொண்டு வரப்பட்டதன் நோக்கங்களுள் ஒன்று, ஏப்ரல் முதலே துறைகள் செலவைத் தொடங்க வழி செய்வதாகும்.

இவற்றை நாம் நிதி ஒழுங்கின் கண்கொண்டே நோக்குகிறோம். கணக்காளர்களின் இரத்தத்தைச் சோதித்த அந்த ஆய்வை நினைவுகூர்ந்தால், செலவை ஆண்டு முழுவதும் பரவச் செய்வது ஊழியர் நலனுக்கான நடவடிக்கையும் ஆகும் என்பது விளங்கும். ஜூன் மாதத்தில் கோப்பைத் தூங்கவிட்டு மார்ச் மாதத்தில் அதனோடு ஓடுகிறோம். ஓடுபவர் பெரும்பாலும் தூங்கவிட்டவர் அல்லர். தரவுகளைத் தொகுக்கும் உதவியாளரும் தட்டச்சு செய்பவருமே.

கேட்கப்படாத ஐயம்

இங்கே என் அனுபவம் ஒன்றைக் கூறுவது பொருத்தமாக இருக்கும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மானியங்களைக் கவனிக்கும் ஒரு பிரிவின் பொறுப்பில் இருந்தேன். விரைவாகக் கோப்புகளைத் தீர்ப்பவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. விதிகளை நன்கறிந்த மூத்த உதவியாளர் ஒருவர் அவ்வப்போது ஐயங்களுடன் என் அறைக்கு வருவார். அவர் பேச்சைத் தொடங்கும் முறை சற்றுச் சுற்றி வளைத்தது. நான் பாதியில் குறுக்கிட்டு, அவர் கூற வந்தது இதுதான் என்று நானே ஊகித்து, விடையும் அளித்து அனுப்பிவிடுவேன். நாளடைவில் அவர் வருவது குறைந்தது. என் நேரம் மிச்சமானதாகவே அப்போது எண்ணினேன்.

அவ்வாண்டு மார்ச் 30ஆம் தேதி ஒரு நிறுவனத்திற்கு அடுத்த தவணை மானியம் வழங்க ஒப்புதல் அளித்தேன். முந்தைய தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் அந்நிறுவனத்திடமிருந்து வரவில்லை என்பது தணிக்கையில் வெளிப்பட்டது. உதவியாளரை அழைத்து, இது அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன். "தெரியும் சார். அன்று சொல்லத்தான் வந்தேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்" என்றார். அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை. மூன்று நிமிடங்கள் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்திற்கு, தணிக்கைக்கு விடையெழுதியும் நிறுவனத்துடன் கடிதப் போக்குவரத்து நடத்தியும் எட்டு மாதங்கள் கழிந்தன. அடுத்த இடமாறுதலின்போது அவர் வேறு பிரிவைக் கேட்டுப் பெற்றுச் சென்றார். இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றிய ஒருவருக்குத் தன் அறிவைக் கூற இடமில்லாத பிரிவில் என்ன நிறைவு இருந்திருக்கும் என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியை அறியாதவனும் அல்லேன் நான்.

மேலதிகாரியின் பொறுமையின்மை அவரோடு நிற்பதில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அவருக்குக் கீழுள்ளவர்கள் அனைவரிடமிருந்தும் அது வேலையின்மீதுள்ள கட்டுப்பாட்டைப் பறிக்கிறது. ஒருவரது குணம் பத்துப் பேருக்கு வேலையின் அமைப்பாகிவிடுகிறது. குணமா, அமைப்பா என்று ஆய்வாளர்கள் தனித்தனியே பிரித்துப் பார்த்த இரண்டும் அலுவலகத்தில் இவ்விடத்தில் வந்து கலக்கின்றன.

மாற்ற இயலுமா?

ஐம்பது வயதில் குணம் மாறுமா என்று கேட்போர் உண்டு. ஃப்ரீட்மன் தம் பிற்காலத்தில் இதையே சோதித்தார். ஒருமுறை மாரடைப்பு கண்ட 1,013 பேரைக் கொண்ட ஆய்வில், வழக்கமான மருத்துவ அறிவுரையுடன் அவசரத்தையும் எரிச்சலையும் குறைக்கும் பயிற்சியும் ஒரு பிரிவினருக்கு அளிக்கப்பட்டது. பயிற்சிகள் எளியவை: நீண்ட வரிசையில் வேண்டுமென்றே நிற்பது, பிறர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதிருப்பது போன்றவை. நான்கரை ஆண்டுகளின் முடிவில், பயிற்சி பெற்றவர்களில் 12.9 விழுக்காட்டினருக்கே மீண்டும் இருதயத் தாக்குதல் நேர்ந்தது. மருத்துவ அறிவுரை மட்டும் பெற்றவர்களிடையே இது 21.2 விழுக்காடு. 1986இல் வெளியான இந்த முடிவு, ஏ வகைக் கோட்பாட்டின் பிற பகுதிகள் ஆட்டங்கண்ட பின்னரும் கவனத்திற்குரியதாகவே உள்ளது.

அலுவலகங்கள் இதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டியதில்லை. 'அவசரம்', 'உடனடி' என்ற அட்டைகளைக் கோப்புகளில் இணைக்கும் அதிகாரத்தை வரையறுக்கலாம். எல்லாக் கோப்பும் அவசரமானால் எதுவும் அவசரமன்று. மாதவாரிச் செலவுத் திட்டத்தை ஏப்ரலில் எழுதிப் பூட்டி வைக்காமல் மாதந்தோறும் பிரிவிலேயே கூடிப் பார்க்கலாம். ஒரு வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதை அதைச் செய்பவரே முடிவு செய்ய விடலாம். இவற்றுக்குப் புதிய பதவிகளோ கூடுதல் செலவோ தேவையில்லை.

அந்தத் தணிக்கைக் குறிப்புக்குப் பின், பணியாற்றிய ஒவ்வொரு பிரிவிலும் காலை பதினொரு மணிக்கு அரை மணி நேரத்தை ஐயங்களுக்கென ஒதுக்கி வந்துள்ளேன். யாரும் எந்தக் கோப்புடனும் வரலாம். அமர்ந்து, முழுவதும் கூறலாம். முதல் சில வாரங்களில் எவரும் வருவதில்லை. பிறகு மெல்ல வரத் தொடங்குகின்றனர். இம்முறை எல்லாப் பிரிவுகளுக்கும் பொருந்தும் என்று கூற மாட்டேன். பாராளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் நானே அதைப் பலமுறை கைவிட்டிருக்கிறேன். கூட்டத்தொடர் முடிந்தபின் மீண்டும் தொடங்க, ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் பிடிக்கின்றன.